ஏழாவது நொடியில் தோற்பவள்

அவளைப் போலத் தோற்க அந்தக் கட்டிடத்தில் வேறு ஆள் கிடையாது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை தோற்பாள். காலையில் ஆறு, சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

நான்காம் மாடியில் சன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேசை, அதற்கு நேர் மேலே கம்பியில் தொங்கும் காமிரா, இரு பக்கமும் வெள்ளை விளக்கு, நடுவில் ஒரு செல்ஃபோன். அவள் உட்கார்ந்து விளையாடுவாள். காமிரா அவள் கையை மட்டும் எடுக்கும். விளையாட்டின் பெயர் வாத்துப் பாலம். ஓர் ஆறு, இந்தக் கரையில் ஒரு தாய் வாத்து, நான்கு குஞ்சுகள், திரையின் அடியில் வெவ்வேறு நீளத்தில் ஐந்து பலகைகள். சரியான பலகையைச் சரியான இடத்துக்கு இழுத்துப் போட்டால் பாலம் நிற்கும், வாத்துகள் அக்கரை போகும். தப்பாகப் போட்டால் பாலம் முறிந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்து சாகும். வாத்துக்கு நீந்தத் தெரியாதா என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கிற ஆட்களை நம்பி அந்தக் கம்பெனி நடக்கவுமில்லை.

அவள் ஏழாவது நொடியில் தப்பான பலகையைப் போடுவாள். அந்தப் பதினைந்து நொடி வீடியோ சமூக வலைத்தளங்களில் விளம்பரமாக ஓடும். பார்க்கிறவனுக்கு உள்ளங்கை அரிக்கும். ‘அடச்சே, அந்தச் சின்னப் பலகையை எடுக்கத் தெரியல, நானா இருந்தா இந்நேரம்’ என்று நினைப்பதற்குள் விரல் தானாகப் போய்த் திரையைத் தொட்டுவிடும். தொட்டால் விளையாட்டை இறக்கிக்கொள்ளும் பக்கம் திறக்கும். ஆயிரம் பேர் பார்த்தால் எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதுதான் அந்த அலுவலகத்தின் மூச்சுக்காற்று.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தோத்தாங்கோலி. நேரில் ‘மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் தோத்தாங்கோலி. முதுகுக்கும் காது உண்டு என்று அவர்களுக்குத் தெரியாது.

முப்பத்தெட்டு வயது. சின்னப் பெண்ணாக இருந்தபோது பத்திரிகையில் வரும் எண் புதிர்களைப் பேனாவால் நிரப்புவாள். “பென்சில்ல எழுதேன், தப்பாப் போச்சுன்னா?” என்பார் அப்பா. “தப்பாப் போகாதுப்பா.” போனதில்லை. கணிதம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு முடிந்ததும், கணக்கு நன்றாக வருகிற பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று யாரோ சொன்னதை அதே அப்பா நம்பினார். மூன்றாம் ஆண்டு அவளுடைய கல்யாணத்துக்குள் கரைந்துபோயிற்று. யாரும் அவளை அடிக்கவில்லை, பூட்டிவைக்கவில்லை. “போதும்மா” என்றார்கள். அவ்வளவுதான். பெரிய அநியாயங்கள் பெரும்பாலும் அந்தக் குரலில்தான் பேசும்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபின் இந்தக் கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். புது லெவல்களை விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை. ஐந்தாம் நாளே அறுபத்து மூன்றாம் லெவலுக்குத் தீர்வே இல்லை என்று கண்டுபிடித்தாள். எந்தப் பலகையை எங்கே போட்டாலும் ஒரு விரற்கடை குறையும். ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தாள். அது புதிர் போடுகிற ஆறாம் மாடிக்குப் போனபோது அவளுடைய பெயர் அதில் இல்லை. அவளுடைய மேலாளர் தன் பெயரைப் போட்டிருந்தார்.

அந்த மேலாளரைத்தான் எல்லோரும் சதவீதம் என்பார்கள். மனைவிக்குச் சளி பிடித்தால்கூட “எழுபது சதவீதம் சரியாயிடுச்சு” என்கிற ஆள். இரண்டு வருடம் கழித்துச் சோதனைப் பிரிவை இழுத்து மூடிவிட்டு விளம்பரப் பிரிவுக்குத் தலைவரானபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனார். ஒருநாள் அவள் பக்கத்து மேசைக்காரிக்கு, விளையாடத் தெரியாதவர்கள் எங்கெல்லாம் தடுமாறுவார்கள் என்று விளையாடிக் காட்டியதை அவர் பார்த்துவிட்டார். அந்தக் கணத்தில் அவளுடைய தலையெழுத்தை அவர் எழுதினார். தலையெழுத்து என்று ஒன்று இருந்தால், அது எப்போதும் பக்கத்து அறை மேலாளரின் கையெழுத்தில்தான் இருக்கும்.

தோற்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை காமிராவுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கட்டும். பச்சையாகத் தோற்றால் பார்ப்பவன் நம்பமாட்டான். சீக்கிரம் தோற்றால் அவனுக்குச் சரியான விடை தெரிவதற்குள் கதை முடிந்துவிடும். அவன் விடையைக் கண்டுபிடித்து, ‘அதுதான், அதுதான்’ என்று மனத்துக்குள் கத்துகிற அந்த ஒரு நொடி கழித்து அவள் கை வேறு பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு ஆட்டத்தை முழுக்க அறிந்திருக்க வேண்டும், ஆடுபவனையும் அறிந்திருக்க வேண்டும். அவளிடம் கோடு போட்ட ஒரு தடித்த நோட்டு இருந்தது. அதில் முந்நூற்று நாற்பது தப்புகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். சரியான பலகையைத் தொட்டுவிட்டு அடுத்ததை எடுப்பது ‘தொட்டுவிட்டது’. முதல் இரண்டையும் சடசடவென்று சரியாகப் போட்டு மூன்றாவதில் சறுக்குவது ‘பெருமை’. கை சரியான இடத்துக்குப் போய், யாரோ பக்கத்தில் நின்று பேசியதுபோல் நின்று, மாறிப்போவது ‘எதிர்வீட்டு யோசனை’.

மூன்று வருடத்துக்கு முன்பு சதவீதம் ஒரு சோதனை நடத்தினார். ஒரே விளம்பரம், இரண்டு வகை. ஒன்றில் ஆண் கை, ஒன்றில் பெண் கை. முடிவைச் சுவரில் ஒளிபாய்ச்சிக் காட்டினார்.

“ஆம்பளக் கை, ஆயிரத்துக்கு ஒன்பது பேர் தொட்டிருக்காங்க. பொம்பளக் கை, இருபத்தேழு. மூணு மடங்கு. இதுக்கு என்ன அர்த்தம்?”

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்.

“பொம்பள தப்புப் பண்ணா பாக்கறவனுக்குக் குஷி. நம்மள விட மட்டமா ஒருத்தி இருக்காளேன்னு ஒரு நிம்மதி. அதான் தொடறான். இது நான் சொல்லல, நம்பர் சொல்லுது.” விளம்பரத்துக்கு அடியில் வந்திருந்த கமென்ட்களை எடுத்து வாசித்தார். “‘வண்டி ஓட்டுறதும் இப்படித்தான் ஓட்டுவாங்க போல.’ முந்நூறு லைக். ‘அக்கா, அடுப்ப அணைச்சிட்டு வந்தீங்களா?’ அறுநூறு.”

அறையில் சிரிப்பு வெடித்தது. அவளும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கும்போது வாய் தானாக விரிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போகிற பேருந்தில் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து, யாரோ எச்சிலைத் துப்பித் தன் முகத்தில் தடவியதுபோல் இருந்தது. தடவியது தன் கைதான் என்பதுதான் தாங்கவில்லை.

அன்றிலிருந்து ‘பெண்மை’யைக் கூட்டினார்கள். முதலில் நகச்சாயம். பிறகு மோதிரம். பிறகு சதவீதத்துக்கு ஒரு ஞானம் பிறந்தது, மாவு. காமிராவுக்கு முன்னால் உட்காருமுன் விரல்களைப் பிசைந்த மாவில் தோய்த்துக்கொள்ள வேண்டும். சமையல் வேலையிலிருந்து எழுந்து வந்தவள்போல் தெரியுமாம். தினமும் காலையில் ஒரு கிண்ணத்தில் மாவு பிசைந்து அவள் மேசைக்கு வரும். மூன்று வருடம். சாயங்காலம் நக இடுக்கிலிருந்து காய்ந்த மாவைக் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

இதற்கு நடுவே ஆறாம் மாடியில், புதிர் அறையில், லெவல்களை உருவாக்குகிற வேலைக்கு இரண்டு முறை இடம் காலியாயிற்று. இரண்டு முறையும் விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் கூப்பிடக்கூட இல்லை. இப்போது மூன்றாவது முறை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு முந்தின வாரம்தான் சதவீதம் அவளைக் கூப்பிட்டு அடுத்த திட்டத்தைச் சொன்னார்.

“அடுத்த மாசத்துலேருந்து கை மட்டும் போதாது. முகம் வேணும். தப்புப் பண்ணிட்டு நீ முழிக்கணும். கீழ எழுத்து வரும், ‘இவங்களால முடியல. உங்களால முடியுமா?’ முப்பத்தஞ்சு தாண்டும், எழுதி வச்சுக்கோ.”

“என் முகம் வேண்டாம் சார்.”

“ஏம்மா, அழகா இல்லைன்னு கவலையா? அழகா இல்லாததுதான் வேணும்.”

வீட்டில் சொன்னபோது பன்னிரண்டு வயது மகள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். “உன் மூஞ்சி வந்துச்சுன்னா நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன். இப்பவே உன் மோதிரத்த வச்சுக் கண்டுபிடிச்சிட்டாங்க. கணக்கு டெஸ்ட்ல ஒரு மார்க் குறைஞ்சா ‘வாத்து’ன்னு கூப்பிடறாங்க.”

மறுநாள் லிஃப்டில் புதிர் அறையின் தலைவரைப் பார்த்தாள். நரைத்த தாடி, சட்டைப் பையில் எப்போதும் நான்கு நிறப் பேனா. புதிர்க்காரர் என்பார்கள். பக்கத்தில் நிற்பது அவள் என்று தெரிந்ததும் புன்னகைத்தார்.

“நீங்கதானே அந்த வாத்து மேடம்?”

“ஆமா சார். உங்க பிரிவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன்.”

“பாத்தேன்.” ஒரு மாடி கடந்தது. “தப்பா நினைக்காதீங்க. உங்க மேலாளர் சொன்னார், நீங்க நடிக்கறதே இல்லையாம். இயல்பாவே அப்படித்தான் விளையாடுவீங்களாம். அஞ்சு பலகைல திணறுறவங்ககிட்ட ஐம்பது பலகையக் குடுத்து லெவல் போடச் சொன்னா, உங்களுக்குத்தானேம்மா கஷ்டம்?”

கதவு திறந்தது. அவர் இரக்கத்தோடு தலையசைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவளை விட்டுக்கொடுக்க மனமில்லாத சதவீதம், அவளை முட்டாள் என்று மூன்று வருடமாக மேலே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். புதிர் போடுவதே தொழிலாக உள்ள மனிதர் அதை நம்பியிருக்கிறார். ஊருக்குக் காய்ச்சிய சாராயத்தைக் காய்ச்சியவனே குடித்துவிட்டுக் கிடந்த கதைதான். தன் கம்பெனியின் விளம்பரத்தை முதலில் நம்பியது தன் கம்பெனிதான்.

அவள் நேராகத் தன் அறைக்கு வந்தாள். பழைய வீடியோக்கள் இருக்கும் கோப்பைத் திறந்து, மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தச் சோதனையைத் தேடினாள். பெண் கை அவளுடையது, தெரியும். ஆண் கையை அவள் பார்த்ததே இல்லை. யாருமே பார்த்ததில்லை என்பது பிறகுதான் புரிந்தது. எல்லோரும் நம்பரை மட்டுந்தான் பார்த்திருந்தார்கள்.

ஓடவிட்டாள். அது சதவீதத்தின் மச்சானுடைய கை. மூன்றாம் மாடியில் நாற்காலியைத் தேய்ப்பதற்காக வேலைக்கு எடுக்கப்பட்ட ஆள். இரண்டாவது நொடியிலேயே ஒரு பலகையை நட்டுக்குத்தாக நிறுத்தினார். பிறகு ஒன்றும் செய்யவில்லை. வாத்துகள் நின்றன. பார்க்கிற எவனுக்கும் விடையும் தெரியாது, கோபமும் வராது, கொட்டாவிதான் வரும். பதினைந்தாவது நொடியில் விளையாட்டே பொறுமையிழந்து தன்னை முடித்துக்கொண்டது.

அவள் சத்தமாகச் சிரித்தாள். மூன்று வருடத்தில் அந்த அறையில் அவளாகச் சிரித்த முதல் சிரிப்பு.

பூனை குறுக்கே போன நாளில் பேருந்தைத் தவறவிட்டவன் ஆயுள் முழுக்கப் பூனையைத் திட்டுவான். அன்று தான் பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்கியதை மறந்துவிடுவான். சதவீதத்தின் சோதனையும் அதுதான். கை மாறியபோது ஆடியவரும் மாறினார், தப்பும் மாறியது. மூன்று மடங்கு எதனால் வந்தது என்று சொல்ல அதில் வழியே இல்லை. ஆனால் அறையிலிருந்த ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் நம்பர் சொன்னது அவர்கள் ஏற்கெனவே நம்பியதைத்தான். மூடநம்பிக்கை அழுக்கு வேட்டியில் வந்தால் வாசலிலேயே விரட்டுவோம் என்று பெருமை பேசுகிறவர்கள், அது தசமப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தால் நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள்.

சதவீதத்தின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.”

“கூடம் கோணலா இல்லையான்னு அளந்து பாத்தீங்களா சார்?”

இப்போது நிமிர்ந்தார். “நம்பர் பொய் சொல்லாதும்மா.”

“சொல்லாது சார். கேள்விதான் தப்பு. உங்க மச்சான் ஆடினதையும் நான் ஆடினதையும் பக்கத்துல வச்சுட்டு, ஆம்பள பொம்பளன்னு தலைப்புப் போட்டிருக்கீங்க. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சொல்லுவாங்க. நீங்க குடத்தையே மாத்தி வச்சுட்டீங்க.”

நாற்காலி வாய் திறந்து பேசியதைப் பார்ப்பவர்போல் அவர் அவளைப் பார்த்தார். “உனக்கெதுக்கு இந்தக் கணக்கெல்லாம்? போ, கையில மாவு காயுது.”

சனிக்கிழமை மதியம் அவள் கணவனைச் சமையலறை மேசையில் உட்காரவைத்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். முழங்கையிலிருந்து விரல் கணுவரை முடி, கட்டைவிரல் நகத்தில் ஒரு பழைய கறுப்பு ரத்தக்கட்டு, எவ்வளவு கழுவினாலும் ரேகைக்குள்ளேயே தங்கிவிட்ட கிரீஸ். அதைவிட ஆணின் கை உலகத்தில் கிடைக்காது.

“எனக்கு எதுக்குடி இந்த வேலை? என் கை ஊரெல்லாம் தோக்கணுமா?”

“என் கை அஞ்சு வருஷமாத் தோக்குது. உங்களுக்கு ஒரு மதியம் வலிக்குதா?”

“அது உன் வேலை.”

“சரி. அப்போ என் மூஞ்சியும் என் வேலைன்னு விட்டுறலாமா? உங்க பொண்ண ஸ்கூலுக்கு நீங்களே இழுத்துட்டுப் போங்க.”

அவன் முனகிக்கொண்டே ஃபோனை இழுத்தான். முதல் தடவை ஜெயித்துவிட்டான். “பாத்தியா, எவ்வளவு சுலபம்” என்றான். இரண்டாவது தடவையும் ஜெயித்தான். மூன்றாவதில் தப்பான பலகையை, தண்டனைக்குக் கையெழுத்துப் போடுகிறவன்போல், மெதுவாகத் தூக்கிப் போட்டான்.

“வேணும்னே பண்ற மாதிரி இருக்கு.”

“வேணும்னேதானேடி பண்றேன்.”

“சரியான பலகையைத் தொடுங்க. தொட்டாச்சா? இப்ப ஒரு யோசனை. வேலை முடிச்சுட்டு லிஃப்ட் கதவ மூடறப்போ, ஸ்பேனர உள்ள விட்டுட்டோமோன்னு தோணுமே, அந்த மாதிரி. தோணினதும் விரலை எடுங்க. பக்கத்துப் பலகை.”

பதினோராவது தடவை அவன் கை தானாகத் தயங்கியது. விரல் சரியான பலகையைத் தொட்டு, விலகி, அடுத்ததை இழுத்தது. குஞ்சுகள் விழுந்தன. பின்னால் நின்று எல்லாவற்றையும் கடுப்போடு பார்த்துக்கொண்டிருந்த மகள் “அய்யோ அப்பா, கையில இருந்ததே அதுதானே” என்று அவன் முதுகில் குத்தினாள்.

“இதுதான்” என்றாள் அவள். காமிராவை நிறுத்தினாள்.

அதன்பின் அதே மேசையில், தன் கையில் மாவைத் தோய்த்துக்கொண்டு, இன்னொரு வீடியோ எடுத்தாள். அதில் ஏழாவது நொடியில் சரியான பலகையைப் போட்டாள். வாத்துகள் வரிசையாக அக்கரை போயின. ஐந்து வருடமாக அவள் கையில் மாண்ட ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்குப் பதிலாக நான்கு பிழைத்தன.

திங்கட்கிழமை வாரத்தின் ஆறு வீடியோக்களைச் சதவீதத்திடம் காட்ட வேண்டும். அவர் ஒவ்வொன்றிலும் முதல் மூன்று நொடி பார்த்துத் தலையசைப்பார், அவ்வளவுதான். மாவுக் கையைப் பார்த்துத் தலையசைத்தார். கணவனின் கை வந்ததும் நிறுத்தினார்.

“யாருது இந்தக் கரடிக் கை?”

“வெள்ளிக்கிழமை எல்லாப் பிரிவும் வர்றாங்களே சார். ஆம்பளக் கை ஓடாதுன்னு பக்கத்துல வச்சுக் காட்டினா நல்லா இருக்கும்னு நெனச்சேன்.”

அவர் முகம் மலர்ந்தது. “பரவால்லையே. உனக்கும் அஞ்சு சதவீதம் மூளை வேலை செய்யுது.”

அவள் இரண்டையும் ஏற்றினாள். மாட்டிக்கொண்டால் வேலை போகும் என்று தெரியும். வாத்துகளை அக்கரை சேர்க்கிற விளம்பரம் ஒரு வாரம் ஓடினால் கம்பெனிக்கு நஷ்டம். ஆறாம் மாடியும் போகும், நான்காம் மாடியும் போகும். ஆனால் வேறு எந்த வழியில் கேட்டாலும் அவளுக்குக் கிடைக்கப்போவது அந்த இரக்கத் தலையசைப்புதான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எட்டுப் பேர். புதிர்க்காரரும் இருந்தார். சதவீதத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, முடிவை முன்கூட்டிப் பார்க்கமாட்டார். எல்லோருக்கும் முன்னால்தான் திறப்பார், குலுக்கல் பரிசு அறிவிப்பதுபோல்.

“இந்த வாரம் ஒரு வேடிக்கை வச்சிருக்கோம். ஆம்பளக் கையையும் பொம்பளக் கையையும் மறுபடி மோதவிட்டிருக்கோம். பாக்கலாமா?”

சுவரில் எண்கள் விழுந்தன. ஆண் கை, ஆயிரத்துக்கு இருபத்தாறு. மாவுக் கை, எட்டு.

சதவீதம் எண்களை மறுபடி படித்தார். “பேர் மாறிப்போச்சு. யாரு ஏத்தினது?”

“நான்தான் சார். மாறல. ரெண்டையும் முழுசா ஓட்டிப் பாருங்க.”

ஓட்டினார்கள். கரடிக் கை முதல் இரண்டு பலகைகளைப் போட்டது. மூன்றாவதைத் தொட்டது. “அதுதான், அதுதான்” என்று புதிர்க்காரர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். கை தயங்கியது, விலகியது. “அட விட்டுட்டானே” என்று தொடையில் தட்டிக்கொண்டார். அடுத்து மாவுக் கை. பாலம் நின்றது, வாத்துகள் நடந்தன. யாரோ மணியைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து வெள்ளைப் பலகையில் நான்கு கட்டம் போட்டாள்.

“ஆம்பளக் கை, மட்டமான தப்பு, ஒன்பது. பொம்பளக் கை, நல்ல தப்பு, இருபத்தேழு. இந்த ரெண்டு கட்டத்த மட்டும் வச்சுக்கிட்டு மூணு வருஷமா எனக்கு மாவு பூசினீங்க. மிச்ச ரெண்டையும் நான் நிரப்பிட்டேன். ஆம்பளக் கை, அதே நல்ல தப்பு, இருபத்தாறு. பொம்பளக் கை, மாவோட, மோதிரத்தோட, தப்பே இல்லாம, எட்டு. தொடறவன் கையப் பாத்துத் தொடல. தப்பப் பாத்துத் தொடறான்.”

“கமென்ட்லாம் யாரு போட்டா அப்போ?” என்றார் சதவீதம். குரல் ஏறியிருந்தது.

“அந்தக் கமென்ட்டுக்கு லைக் போட்ட அறுநூறு பேரும் ஊர்ல இருக்காங்க சார், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா உங்க சம்பளம் அவங்க போட்ட பிச்சை இல்ல. என் நோட்டுல இருந்து வந்தது.”

“கம்பெனி விளம்பரத்த வேணும்னே கெடுத்திருக்கா. இவள இந்த நிமிஷமே…”

“அந்த நோட்டைக் குடுங்க” என்றார் புதிர்க்காரர்.

கொடுத்தாள். அவர் புரட்டினார். ‘தொட்டுவிட்டது’, ‘பெருமை’, ‘எதிர்வீட்டு யோசனை’. ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த நொடி, எந்தப் பலகை, பார்ப்பவனுக்கு எப்போது விடை தெரியும் என்ற கணக்கு. முதல் பக்கத்துக்குத் திரும்பினார். அங்கே ஏழு வருடத்துக்கு முந்தைய தேதியில், அறுபத்து மூன்றாம் லெவலுக்குத் தீர்வு இல்லை என்ற நிரூபணம். பேனாவால், ஓர் அடித்தல் இல்லாமல்.

“இது எனக்கு உங்க பேர்ல வந்தது” என்றார், சதவீதத்தைப் பார்த்து.

“எங்க பிரிவிலேருந்து வந்தது” என்றார் சதவீதம்.

புதிர்க்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வழக்கம் ஆறாம் மாடியிலும் இல்லை. நோட்டை மூடிவிட்டுச் சொன்னார், “திங்கக்கிழமை மேல வாங்க. பத்து லெவல் போட்டுக் காட்டுங்க. பாத்துட்டு முடிவு பண்ணலாம்.”

“போன ரெண்டு தடவையும் எடுத்த ஆளுங்ககிட்ட பத்து லெவல் கேட்டீங்களா சார்?”

அவர் பேனாக்களைச் சட்டைப் பையில் சரிசெய்தார். “இல்ல.”

“அப்போ எனக்கும் வேண்டாம்.”

ஒருவரும் அவளுக்காகப் பேசவில்லை. பேசுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. புதிர்க்காரர் நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

“சரி. நேரா வேலைக்கே வாங்க.”

“அப்போ இங்க யாரு தோக்கறது?” என்றார் சதவீதம். கோபத்தைவிட அதில் பயம்தான் அதிகம்.

“அஞ்சு வருஷமாப் பக்கத்துல நின்னு பாத்தீங்களே சார்” என்றாள் அவள்.

இரண்டு மாதம் கழித்து, ஆறாம் மாடியில் சன்னல் பக்கத்து மேசையில் அவள் எழுபத்தோரு பலகைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பினாள். கணவன் சோபாவில் ஃபோனை நீட்டினான். “இங்க பாரு.”

வாத்துப் பாலம் விளம்பரம். கையில் மாவு. மோதிரம். நகச்சாயம். மழித்த மணிக்கட்டு, அதில் சவரக் கீறல் இரண்டு. அவளுக்கு அந்தச் சுண்டுவிரலைத் தெரியும். மேசையில் தட்டித் தட்டி ஐந்து வருடமாக அவளை விரட்டிய விரல். வேறு யாரும் ஒத்துவராமல் சதவீதம் தானே உட்கார்ந்திருக்கிறார். நான்கு கட்டத்தையும் கண்ணால் பார்த்தபிறகும் மாவை விடவில்லை. இரண்டாவது நொடியிலேயே பலகையைப் போட்டு நான்கு குஞ்சுகளையும் சாகடித்தார். ஆயிரத்துக்கு ஏழு என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அடியில் முதல் கமென்ட், “அக்கா, அடுப்ப அணைச்சிட்டு வந்தீங்களா?”

கணவன் தன் முடி அடர்ந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

“ஏழு எண்ணறதுக்குள்ள என்னடி அவசரம் இவனுக்கு?” என்றான்.